லோரி ஏறிய கம்ப்யூட்டர்

1

நேற்றுக் காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது அறந்தாங்கியிலிருந்து என் தங்கை கலாவின் குரல் பதிவு ஒன்று கைப்பேசியில் வந்து விழுந்தது. பசியாறுவது என்றால் இந்த ஊரில் காலைச் சாப்பாடு. கல்யாணமாகி மலேசியாவுக்கு வந்த புதிதில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டியா?" என்று கேட்பார்கள். நம் முகத்தில் அப்படியா பட்டினி தெரிகிறது என்று கண்ணாடியைப் போய்ப் பார்த்திருக்கிறேன். இப்போது அதையே நான் கலாவிடம் கேட்டு வைக்க, அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

கலா எழுதமாட்டாள், பேசுவாள். பேச ஆரம்பித்தால் தோசை ஆறிவிடும். இந்த முறை பேச்சு அவள் மகள் நிவேதாவைப் பற்றி.

"அக்கா, நம்ம நிவேதாவுக்கு கோயம்புத்தூர்ல சீட்டு கெடச்சிருச்சு. கம்ப்யூட்டர் ஒண்ணு கொண்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க. நீதான் போன வருசம் பவிக்கு வாங்குனியே, ஒனக்குத்தான் தெரியும். வாராவாரம் தூக்கிட்டு வீட்டுக்கு வர்ற மாதிரி லேசா ஒண்ணு பாத்துச் சொல்லு. கடைக்காரன் ஆயிரம் சொல்லுவான், அவன் பேச்சையெல்லாம் நம்ப முடியாது."

லேசா ஒண்ணு. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கலாவுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் போன வருடம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லாமல் அந்த வரியை மட்டும் சொன்னால், அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவாள். அதனால் முழுக் கதையையும் இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்தில் பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

2

கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக் போகிற பாதையில் எங்கள் வீடு. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம், இப்போது கண்ணுக்கு எட்டிய வரை எண்ணெய் எடுக்கிற செம்பனை. தோட்டத்து லயங்களை இடித்துவிட்டு, அவற்றில் குடியிருந்தவர்களுக்குத் தோட்டத்தின் ஓரத்திலேயே வரிசை வீடு கட்டிக் கொடுத்தார்கள். லயம் போய்விட்டாலும் லயத்துப் பழக்கம் போகவில்லை. இங்கே குக்கர் விசில் அடித்தால் மூன்றாவது வீட்டிலிருந்து என்ன குழம்பு என்று கேட்பார்கள்.

என் மகள் பவித்ராவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியும் அப்படித்தான் பரவியது. கட்டடக் கலைப் படிப்பு, ஜொகூரில். பவி கைப்பேசியைப் பார்த்துவிட்டு ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், அடுத்த வீட்டு ஜோசபின் அக்கா கையில் சீப்போடு ஓடி வந்துவிட்டார். அக்கா தன் வீட்டு முன்னறையில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்பவர். பாதித் தலை பின்னிய ஒரு மணப்பெண்ணும் அவர் பின்னாலேயே வந்து நின்று பவிக்குக் கை கொடுத்தாள்.

என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். சுங்கை பெசார், சுங்கை ஆயர் தாவார் பக்கத்துச் சிறு தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலையில் இறக்குவது அவர் வேலை. போனில் சொன்னதும் அந்தப் பக்கம் ஹாரன் சத்தம்தான் கேட்டது. ஆலை வரைக்கும் அடித்துக்கொண்டே போயிருக்கிறார்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு, கம்ப்யூட்டர். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள்தான் வாயைத் திறக்கவில்லை.

எனக்கும் ஒரு கருத்து இருந்தது. லேசாக இருக்க வேண்டும். பாடப்புத்தகம் மாதிரி பையில் போட்டு எடுத்துக்கொண்டு வரும்படி இருக்க வேண்டும். ஏன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். பவி எங்களுக்கு ஒரே பிள்ளை. ஜொகூருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் கையோடு வந்தால், படிப்பு இருக்கிறது, வரமுடியாது என்று சாக்குச் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை பஸ் ஏறிவிடுவாள். எங்கள் தெருவிலிருந்து படிக்கப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் மாதாமாதம் வருவார்கள், அப்புறம் தீபாவளிக்கு வருவார்கள், அப்புறம் வீடியோவில் வருவார்கள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், அதுவும் பாதியில் கட் ஆகிவிடும். நானே கடல் தாண்டி வந்து உட்கார்ந்துவிட்டவள்தான். போகிறவர்கள் எப்படித் திரும்பாமல் போகிறார்கள் என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

3

கம்ப்யூட்டர் என்றால் எனக்குச் செருப்பு ஞாபகம்தான் முதலில் வரும்.

அறந்தாங்கியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்களெல்லாம் அங்கேதான் படித்தோம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஏசி போட்டுச் சில்லென்றிருக்கும். சுவரில் சரஸ்வதி படம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருப்பார்கள், வகுப்பு முடிந்ததும் அதை மடிப்புக் கலையாமல் போர்த்திவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆயுத பூஜை அன்றைக்குத் திரைக்கு மூன்று பட்டை விபூதியும் நடுவில் குங்குமமும் வைத்துவிடுவார்கள். ஒரு வாரத்துக்கு அந்தக் குங்குமத்துக்கு இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துத்தான் டைப் அடிப்போம்.

மிஷின் எதுவும் மக்கர் செய்தால் எங்கள் சார் மூடியைக் கழற்றுவார். உள்ளேயிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடை உருவி, அதன் விளிம்பைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி செருகுவார். "இதாம்மா ரேம். பாதி வியாதி இதத் தேச்சாலே ஓடிப் போயிரும்" என்பார். திரையில் வெளிச்சம் வந்ததும் நாங்கள் கை தட்டுவோம். அந்த நிமிடத்துக்காகவே எந்த மிஷினாவது கெட்டுப் போகாதா என்று இருக்கும். கம்ப்யூட்டர் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்தச் சான்றிதழோடுதான் மலேசியா வந்தேன். இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் சேர்ந்து சமைக்கிறேன், பிள்ளைகள் என் சாம்பாருக்குச் சண்டை போடுகிறார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பவிக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறோம் என்றபோது உள்ளுக்குள் நான்தான் காலேஜுக்குப் போகிறேன் என்பது போல ஒரு துள்ளல். கடைக்குக் கிளம்பிய அன்று பட்டுப் புடவை கட்டப் போய்விட்டேன். பவிதான் "மா, கம்ப்யூட்டர் கடைலா, கல்யாணம் இல்ல" என்று தடுத்தாள். பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவது இந்த ஊர் வழக்கம்.

4

கோலசிலாங்கூர் டவுனில் ஒரு கடை. அங்கே நின்ற சீனப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். நல்ல பொறுமைசாலி. மலாயில் பேசுவான், என்னை ஆண்ட்டி என்பான். நான் மலாயில் எதைச் சொன்னாலும் முதலில் ஒரு புன்னகை செய்துவிட்டுப் பவியிடம் திரும்பி அர்த்தம் கேட்பான். இத்தனை வருடமாகியும் என் மலாய் அவ்வளவுதான்.

உள்ளே நுழைந்ததுமே நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். வெள்ளி நிறம், அவ்வளவு மெலிசு. அப்பளத்தைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் தூக்கிக் காட்டினேன்.

"பவி, இங்க பாரு. எவ்ளோ அழகா இருக்கு."

பவி அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு மூலையில் கண்ணாடிப் பக்கம் வைத்த கறுப்புப் பெட்டி ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே மூன்று விசிறி, நீலமும் ஊதாவுமாக விளக்குகள், திருவிழாவில் ஜோடித்த ரதம் மாதிரி. அதற்குத் தனியாக ஒரு பெரிய திரை வேறு.

"மா, எனக்கு இதான். நான் ஒரு பில்டிங் முழுசா வரையணும். அதுக்குள்ள வெயில் எப்படி விழுது, எங்க நெழல் விழுதுன்னு எல்லாம் பாக்கணும். உன் கையில இருக்கறது சூடாகி நின்னுரும். அதே வெலைக்கு இது டபுள் வேல செய்யும்லா."

"இத எப்படிடி தூக்கிட்டு வருவ?"

"ஏன் தூக்கணும்? அது அங்கேயே இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே இருக்கட்டுமாம். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவராவது நம் பக்கம் பேசுவார் என்று. அவர் அந்தப் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அடியில் குனிந்து பார்த்து, மேலே தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஆள் போறதுக்கு காடி. சாமான் இழுக்க லோரி. இவளுக்குச் சாமான் இழுக்கற வேலலா. லோரிதான் எடுக்கணும்."

காடி என்பது இங்கே கார். இந்த மனுஷரிடம் எதைக் கேட்டாலும் லோரியில்தான் வந்து முடியும்.

"அப்ப வெள்ளிக்கெழம?" என்றேன் பவியிடம். என் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், பில் புத்தகத்தோடு நின்ற பையனைப் பார்த்தாள், "வீட்ல பேசிக்கலாம்மா" என்றாள்.

கறுப்புப் பெட்டிக்கே பில் போட்டார்கள், அதில் இன்னொரு கூத்து. வாரண்டிக்கு அடையாள அட்டை எண் வேண்டும் என்றான், நான் ஆசையாக என்னுடையதை நீட்டினேன். என்னுடையது சிவப்பு அட்டை. இங்கே நிரந்தரமாக வசிக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை என்று அர்த்தம். அவன் கம்ப்யூட்டரில் சிவப்பு அட்டைக்குக் கட்டம் இல்லையாம். மூன்று தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "வேறு யாருடையதாவது" என்று இழுத்தான். குடிமக்களுக்குத் தருகிற நீல அட்டைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன், அது வரும்போது வரட்டும். பவி தன் நீல அட்டையைக் கொடுத்தாள். அவள் பெயரிலேயே பதிவாகட்டும், அதுதான் சரி என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் பேசிக்கலாம் என்றாளே, பேசவில்லை. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வளைய வந்தேன். அப்படி இருக்கிறவளிடம் யார் வந்து பேசுவார்கள்?

5

ஆனாலும் பூஜை போடாமல் புது மிஷினைத் தொடக்கூடாது என்று நான் ஒரே பிடியாக நின்றேன். எங்கள் தோட்டத்து எல்லையில் முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் யார் புது மோட்டார்சைக்கிள் எடுத்தாலும், காடி எடுத்தாலும், முனீஸ்வரனுக்குக் காட்டாமல் ரோட்டில் ஓட்டமாட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்தால்தான் வண்டி வண்டியாகும்.

"கம்ப்யூட்டருக்குச் சக்கரம் இல்லம்மா" என்றாள் பவி.

"லோரிக்கு இருக்குல்ல?" என்றார் அவள் அப்பா. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கழுவித் துடைத்த லோரியில் முன் சீட்டில் பவி, அவள் மடியில் கம்ப்யூட்டர், பக்கத்தில் திரையைக் கட்டிப் பிடித்தபடி நான். கோயிலுக்குப் போகும் செம்மண் பாதையில் குண்டும் குழியும்தான் அதிகம், பாதை கொஞ்சம். ஒவ்வொரு குழிக்கும் நாங்கள் மூவரும் ஒன்றாக எழும்பி ஒன்றாக உட்கார்ந்தோம். பவி சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கும் கோபம் மறந்துபோய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

பூசாரி பெட்டியைச் சன்னிதிக்கு முன்னால் ஒரு பலகையில் வைக்கச் சொன்னார். சந்தனம், குங்குமம், மாலை. கற்பூரம் காட்டினார். லோரி நான்கு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியது, கம்ப்யூட்டரும் ஏறி இறங்கியதாகக் கணக்கு. அப்புறம் பூசாரி வேப்பிலைக் கொத்தைச் செம்பில் முக்கித் தெளித்தார். அது வரைக்கும் ஒன்றும் இல்லை. வருடா வருடம் எங்கள் லோரிக்குப் பூஜை போடுகிறவர் அவர். லோரி மூக்கில் மிச்சத் தண்ணீரை ஊற்றித்தான் முடிப்பார். கைப்பழக்கம். செம்பைக் கவிழ்த்து மஞ்சள் தண்ணீரைக் கம்ப்யூட்டர் தலையில் ஊற்றிவிட்டார்.

பெட்டியின் தலைப்பகுதி சல்லடை. காற்று போவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் மூன்று பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். திறந்தபோது கண்ணாடியில் உள்பக்கமாக மஞ்சள் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "நல்லா ஓடும், போங்க" என்று பூசாரி விபூதி கொடுத்தார்.

6

வீட்டுக்கு வந்து துடைத்து, வெயிலில் வைத்து, மத்தியானத்துக்கு மேல் பவி பயந்து பயந்து ஸ்விட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பு. மறுபடி அணைத்துப் போட்டாள். கறுப்புதான். அவள் கடைக்குப் போன் போட்டுத் தண்ணீர் ஊற்றிய கதையை ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பையன் நல்லவன், சிரிக்கவில்லை. கொண்டு வாருங்கள், பார்க்க இரண்டு வாரம் ஆகலாம், அவசரம் என்றால் ஆண்ட்டி பார்த்த லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய மூன்று நாள்தான் இருந்தது.

பவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீதானே கோயிலுக்குத் தூக்கிட்டுப் போகணும்னு நின்ன. இது ஒனக்கு மொதல்லேர்ந்து வேணாம்னுதானே இருந்துச்சு?"

"என்னடி பேசற? நானா தண்ணி ஊத்தினேன்?"

"ஓகேலா, விடு. நாளன்னிக்குப் போயி அந்த லேப்டாப்பையே எடுத்துக்கலாம். நீ கேட்டதே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுக் கறுப்புத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருப்பேன்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. லேசான மிஷின், வெள்ளிக்கிழமை பஸ், எல்லாம். முனீஸ்வரனே முன்னால் நின்று முடித்துக் கொடுத்த மாதிரி. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கடையில் அவள் அந்தப் பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்த முகம் எனக்குத் தெரியும். அறந்தாங்கி மாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும்போது எனக்கு இருந்த முகம். அதில் இருந்த வெளிச்சத்தை அணைத்துவிட்டு எந்த வெள்ளிக்கிழமையை நான் கொண்டாடுவது?

"பிளக்கப் புடுங்கு. அந்தக் கண்ணாடிய கழட்டு" என்றேன்.

ஜோசபின் அக்காவைக் கூப்பிட்டேன். தலைமுடி காய வைக்கிற டிரையரோடு வந்தார். வந்தவர் முதலில் பெட்டியின் மேல் கை வைத்துச் செபம் செய்தார். "எங்க செபத்துல தண்ணி கெடையாது, பயப்படாதே" என்று பவியிடம் சொன்னபோதுதான் அவள் லேசாகச் சிரித்தாள். சூடில்லாத காற்றை வைத்து மூலை மூலையாக ஊதினார். அப்புறம் பெட்டியை நடு வீட்டில் மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று நான் உத்தரவு போட்டேன். அந்த ஒரு நாளும் என் வீட்டுக்காரர் நடு வீட்டில் கால் வைக்காமல் பின்வாசல் வழியாகவே போய் வந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஈரம் துளி இல்லை. போட்டோம். விளக்கு, விசிறி, கறுப்பு.

"போதும்மா" என்றாள் பவி.

அப்போதுதான் எனக்கு எங்கள் சார் ஞாபகம் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அறந்தாங்கியில் இருந்த மிஷினுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாம் கறுப்பும் விளக்குமாக என்னென்னவோ. ஆனால் அந்த நீளத் தகடு மட்டும் இருந்தது. இரண்டு தகடுகள், பக்கத்துப் பக்கத்தில்.

"பவி, ஒன் படம் வரையற ரப்பர் எங்கடி?"

"எதுக்கு?"

"குடேன்."

தகடை எப்படி உருவுவது என்று தன் போனில் பார்த்து அவள் சொன்னாள், நான் உருவினேன். விளிம்பை ரப்பரால் தேய்க்க ஆரம்பித்தேன். முன்னும் பின்னும் தேய்த்து, தூசியை ஊதி, பள்ளத்தில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம். அடுத்ததற்கும் டிக்.

"போடு" என்றேன்.

திரையில் வெளிச்சம் வந்தது.

பவி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. பல வருடத்துக்கு முந்தைய கைதட்டலும் இப்போதைய சத்தமும் ஒன்றாகக் காதில் கேட்டன. ஜோசபின் அக்கா ஓடி வந்து, செபம் பலித்தது என்றார். என் வீட்டுக்காரர் சூடம் ஏற்றி, முனீஸ்வரன் சோதித்துப் பார்த்தார் என்றார். நான் ரப்பர் என்றேன். பவி, ஈரம் காஞ்சிருச்சு, அவ்வளவுதான் என்றாள். பிற்பாடு கடைப் பையனைக் கேட்டபோது, தண்ணீர் இல்லை ஆண்ட்டி, தகடு ஆடிப் போயிருக்கும், எந்த வண்டியில் கொண்டு போனீர்கள் என்றான். லோரிக்காரர் இரண்டு நாள் லோரியைப் பற்றிப் பேசவே இல்லை.

7

பதிவு நாளன்று ஜொகூரில் வெயில் மண்டையைப் பிளந்தது. விடுதி வாசலில் ஒரு மேசை போட்டு, மின்சாரப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு அனுமதி உண்டு, ரைஸ் குக்கருக்குக் கிடையாது. போர்வைக்கு நடுவில் நான் சுருட்டி வைத்திருந்த குட்டி ரைஸ் குக்கரை மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ தெரியவில்லை, எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். இதை மலாயில் கெஞ்சிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். "மா, வேணாம்" என்று பவி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

அவள் அப்பா கம்ப்யூட்டரைச் செம்பனைக் குலை மாதிரி தோளில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். பவியோடு அறையில் தங்கப்போகிற பெண் திரங்கானுவிலிருந்து வந்தவள், மலாய்ப் பிள்ளை. பெட்டியின் மேலிருந்த சந்தனப் பொட்டைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். நான் துடைத்துவிடலாம் என்று துணியை எடுத்தேன். பவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத அழிக்காதம்மா. இருக்கட்டும்."

அப்புறம் அந்தப் பெண்ணிடம் மலாயில் முனீஸ்வரன் கதையை, எலுமிச்சம்பழம் முதல் ரப்பர் வரைக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாங்கள் கிளம்பினோம். வழி முழுக்க மடியில் ரைஸ் குக்கரோடு உட்கார்ந்திருந்தேன். பெட்டி அங்கேயே இருக்கிறது, இனி பிள்ளையும் அங்கேயேதான் என்று நினைத்து நினைத்து அதன் மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

8

நான்காவது வாரம், வெள்ளிக்கிழமை. கோலசிலாங்கூர் பஸ் நிலையத்தில் பவி இறங்கினாள். தோளில் கைப்பை ஒன்று, வேறு ஒன்றும் இல்லை. வீசிய கையும் வெறும் கையுமாக ஓடி வந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து, குளித்து, நேராகச் சமையல்கட்டுக்கு வந்து கீழே உட்கார்ந்துகொண்டாள். நான் வெங்காயம் உரிக்க, அவளும் ஒன்றை எடுத்து உரித்தாள். பேசினாள். அறைத் தோழி, சாப்பாடு, யாரோ ஒரு லெக்சரரின் நடை, எல்லாம். நான் கேட்காமலே தமிழில் பேசினாள். சட்டியில் குழம்பு கொதித்தது, அவள் எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏண்டி, படிப்பு இல்லையா ஒனக்கு?"

"நெறைய இருக்கு. ஆனா அது அங்க இருக்கு."

எனக்குப் புரியவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மா, என் பிரெண்ட்ஸ் எல்லாம் லேப்டாப்தான். வீட்டுக்குப் போறாங்க, கதவச் சாத்திட்டு ரெண்டு நாளும் அதுலதான் ஒக்காந்திருக்காங்க. வீட்டுக்குப் போயும் ஹாஸ்டல்லதான்லா இருக்காங்க. நான் அத மூட்டகட்டி இங்க கொண்டு வந்தா, ஒன்கூட யாரு இருப்பா?"

"இத அன்னிக்குக் கடையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அழுவ. அந்தப் பையன் முன்னாடி."

நான் அங்கே அழவில்லை, இங்கே அழுதேன். வெங்காயம் என்று சொன்னேன், உரித்து முடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறாள். சில மாதம் ஒரு தடவை. வரும்போது முழுசாக வருகிறாள். எதிர் வீட்டுப் பையன் வாராவாரம் லேப்டாப்போடு வருகிறான். அவன் வந்திருக்கிறான் என்பதே அவன் அம்மாவுக்குச் சாப்பிடக் கூப்பிடும்போதுதான் ஞாபகம் வரும்.

கலா, நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள். நிறம் எதுவாகவும் இருக்கட்டும், விளக்கு எத்தனை வேண்டுமானாலும் எரியட்டும். நிவேதாவால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாததாகப் பார்த்து வாங்கிக் கொடு.